எண் சொல்வதும் எண் சொல்லாததும்: உடலின் அழற்சியை அளக்கும் இரத்தப் பரிசோதனைகள்



உடலில் நிகழும் அழற்சியை இரத்தத்தின் வழியே அளந்தறியும் பரிசோதனைகள் என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். நாள்பட்ட காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் தீராத உடற்சோர்வுக்கும் மருத்துவரை நாடிச் செல்வோர் கையில் பெரும்பாலும் ஒரு பரிசோதனைச் சீட்டு தரப்படுகிறது, அச்சீட்டில் ஈ.எஸ்.ஆர். என்றோ சி.ஆர்.பி. என்றோ எழுதப்பட்டிருக்கிறது; மாலையில் கைக்கு வரும் முடிவுத்தாளில் ஓர் எண்ணும், அதனருகே இயல்பு அளவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்த எண் எதை அளக்கிறது? எவ்வாறு அளக்கிறது? அது உயர்ந்திருந்தால் அஞ்ச வேண்டுமா? இயல்பாக இருந்தால் கவலையற்று இருந்துவிடலாமா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

விடைகள் பலவாயினும் அவற்றை ஊடுருவி நிற்கும் கருத்து ஒன்றே. உடலில் அழற்சி இருக்கிறதா, எந்த அளவில் இருக்கிறது என்னும் வினாவுக்கு இப்பரிசோதனைகள் விடை சொல்ல வல்லவை. அது எந்த உறுப்பில் இருக்கிறது, எதனால் வந்தது என்னும் வினாவுக்கு அவை தாமாக விடை சொல்ல வல்லவை அல்ல. எண் சொல்வது ஒன்று; எண் சொல்லாதது வேறொன்று. இந்த வேறுபாட்டை அறிந்தவருக்கு இப்பரிசோதனைகள் பெருந்துணையாகும். அறியாதவருக்கு அவையே வீண் அச்சத்துக்கும், வீண் செலவுக்கும், சில வேளைகளில் வீண் நம்பிக்கைக்கும் காரணமாகிவிடும்.

முதலில், அழற்சி என்பது யாது? உடலின் ஒரு பகுதி காயமுற்றாலோ, அங்கே நுண்ணுயிர் புகுந்தாலோ, அங்குள்ள திசு நசிந்தாலோ, அவ்விடத்தைக் காக்கவும் சீர்செய்யவும் உடல் மேற்கொள்ளும் எதிர்வினையே அழற்சி எனப்படுகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்து மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், செம்மை, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கையும் அதன் அடையாளங்களாகக் குறித்து வைத்தார். பாதிக்கப்பட்ட உறுப்பு தன் பணியைச் செய்ய இயலாமற்போவதைப் பின்வந்தோர் ஐந்தாவது அடையாளமாகச் சேர்த்தனர். காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, விண்விண்ணென்று தெறிப்பதை அறியாதவர் இலர். அங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதால் செம்மையும் வெப்பமும் தோன்றுகின்றன. அக்குழாய்களின் சுவர் வழியே நீர் கசிவதால் வீக்கம் உண்டாகிறது. வெள்ளையணுக்கள் குழாயைவிட்டு வெளியேறித் திசுவுக்குள் நுழைந்து, புகுந்த கிருமிகளை விழுங்கத் தொடங்குகின்றன.

ஆகவே அழற்சி தன்னளவில் பகையன்று. அது உடலின் காப்பு. அது நிகழாவிட்டால் சிறு சிராய்ப்பும் உயிருக்கு ஊறாக முடியும். ஆயினும், காப்பாக எழுந்தது வேலை முடிந்த பின்னும் தணியாமல் நீடித்தாலும், தன் சொந்த மூட்டுகளையோ குடலையோ இரத்தக் குழாய்களையோ அயற்பொருளென்று கருதித் தாக்கத் தொடங்கினாலும் அதுவே நோயாகிவிடுகிறது. முடக்குவாதம் எனப்படும் மூட்டழற்சி நோய் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே கிருமி ஏதும் இல்லை. உடலின் காப்புப் படையே உடலின் மூட்டுகளை அரிக்கிறது.

தோலில் நிகழும் அழற்சியைக் கண் காண்கிறது, கை உணர்கிறது. நுரையீரலின் உட்பகுதியில் நிகழ்வதை யார் காண்பது? முதுகெலும்பின் நடுவில் நிகழ்வதை எந்தக் கை தொட்டறிவது? இதயத்தின் வால்வில் கிருமி குடியேறியிருப்பதை எங்ஙனம் உணர்வது? இங்கேதான் இரத்தம் உதவிக்கு வருகிறது. அழற்சி எந்த மூலையில் நிகழ்ந்தாலும் அவ்விடத்து அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் தலையாயது இன்டர்லூக்கின் 6 என்னும் சிறு புரதம். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ததமிட்சு கிஷிமோட்டோ, தோஷியோ ஹிரானோ ஆகியோரின் குழுவினர் 1986-இல் இதன் மரபணுவைப் பிரித்தறிந்தனர். இப்புரதம் கல்லீரலை அடைந்ததும் கல்லீரல் தன் அன்றாட உற்பத்தியை மாற்றிக்கொள்கிறது. வழக்கமாக மிகுதியாகச் செய்யும் ஆல்புமினைக் குறைத்து, ஃபைப்ரினோஜன், சி.ஆர்.பி. முதலிய புரதங்களை விரைந்து பெருக்குகிறது. இவ்வாறு அழற்சிக் காலத்தில் பெருகும் புரதங்களைக் கடுநிலைப் புரதங்கள் என்று குறிப்பிடலாம். இன்று வழக்கிலுள்ள இரு பெரும் பரிசோதனைகளும் இந்த ஒரே மாற்றத்தையே இரு வேறு வழிகளில் காண்கின்றன. ஒன்று மறைமுகமாகக் காண்கிறது. மற்றொன்று நேராக அளக்கிறது.

மறைமுகமாகக் காண்பது ஈ.எஸ்.ஆர். எனப்படும் சிவப்பணுப் படிதல் வேகம். போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியெர்நாட்ஸ்கி 1897-இல், உறையாமல் நிறுத்தி வைக்கப்பட்ட இரத்தத்தில் சிவப்பணுக்கள் படியும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதையும், ஃபைப்ரினோஜன் மிகுந்த இரத்தத்தில் அவை விரைந்து படிவதையும் எடுத்துரைத்தார். ஸ்வீடனில் ராபின் ஃபாரயஸ், கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் விரைந்து படிவதை 1918-இல் கண்டு, இதைக் கருவுறுதலைக் கண்டறியும் சோதனையாகக் கொள்ளலாம் என்று எண்ணினார். ஆனால் வேறு பல நோய்களிலும் அதே விரைவு காணப்பட்டதால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. அவர் நாட்டவரான ஆல்ஃப் வெஸ்டர்கிரன் காசநோயாளிகளிடம் இதை ஆராய்ந்து, 1921-இல் தம் அளவு முறையை வெளியிட்டார். நூறு ஆண்டுகள் கடந்தும் இப்பரிசோதனைக்கு அவர் பெயரே அளவுகோலாக நிற்கிறது.

அந்த முறையைச் சற்று அருகிருந்து காண்பது நலம். நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசல் கலக்கப்படுகிறது. இக்கரைசல் இரத்தம் உறைந்துவிடாமல் தடுக்கிறது. கலவை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் 200 மில்லிமீட்டர் குறி வரை ஏற்றப்பட்டு, குழாய் செங்குத்தாக ஒரு தாங்கியில் நிறுத்தப்படுகிறது. பிறகு அதை எவரும் தொடுவதில்லை. சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் கீழிறங்க, குழாயின் உச்சியில் வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா தோன்றத் தொடங்குகிறது. சரியாக ஒரு மணி நேரம் கழித்து, அத்தெளிந்த பகுதியின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டு குறிக்கப்படுகிறது. முடிவுத்தாளில் 40 என்றிருந்தால், ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் 40 மில்லிமீட்டர் இறங்கின என்பதே அதன் பொருள். அதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. குழாய் சற்றே சாய்ந்து நின்றாலும், மேசை அதிர்ந்தாலும், அறை மிகவும் வெப்பமாக இருந்தாலும் எண் பொய்யாக உயர்ந்துவிடும். ஆகவே எளிய பரிசோதனையாயினும் இது கவனமான கைகளையே வேண்டி நிற்கிறது.

அழற்சி இருந்தால் சிவப்பணுக்கள் ஏன் விரைந்து படிகின்றன? ஒவ்வொரு சிவப்பணுவின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் அவை தனித்தனியே மிதந்து மெதுவாக இறங்குகின்றன. நீண்ட வடிவம் கொண்ட ஃபைப்ரினோஜன் பெருகும்போது அந்த விலக்கு விசை தளர்ந்து, சிவப்பணுக்கள் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்கின்றன; தனி அணுவைவிட இவ்வடுக்கு கனமானதாகையால் விரைந்து கீழிறங்குகிறது. எனவே ஈ.எஸ்.ஆர். என்பது அழற்சியின் நேரடி அளவன்று. அழற்சியால் பெருகிய புரதங்கள் சிவப்பணுக்களுக்கு என்ன செய்தன என்பதன் அளவாகும்.

நேரடி அளவன்று என்பதிலிருந்தே அதன் குறைகள் அனைத்தும் பிறக்கின்றன. இரத்தசோகை உடையவரின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவாக இருப்பதால் அவை தடையின்றி இறங்க, அழற்சியே இல்லாவிடினும் எண் உயர்கிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகைய நாட்டில், ஹீமோகுளோபின் அளவைப் பாராமல் ஒரு பெண்ணின் ஈ.எஸ்.ஆர். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எத்துணைப் பிழை! கருவுற்ற காலத்திலும் எண் உயர்கிறது. வயது ஏற ஏறவும் உயர்கிறது. ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதுடன் பத்தைக் கூட்டி அதில் பாதி, இதுவரை உயர்வு இயல்பே என்று ஓர் எளிய கணக்கு மருத்துவரிடையே வழங்கிவருகிறது. அக்கணக்கின்படி எழுபது வயது மூதாட்டிக்கு 40 என்பது இயல்பின் எல்லைக்குள் அடங்கும். மறுபுறம், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியவரிடத்தும், அவை அரிவாள் வடிவில் வளைந்திருப்பவரிடத்தும், நோய் உள்ளே இருந்தும் எண் தாழ்ந்தே நிற்கக்கூடும்.

இவ்வளவு குறைகள் உடையதை ஏன் இன்னும் கைவிடவில்லை என்று எவரேனும் வினவலாம். கைவிடாததற்குக் காரணங்கள் உண்டு. இது மலிவானது, பெரிய கருவி எதுவும் வேண்டாத சிற்றூர் ஆய்வுக்கூடத்திலும் செய்யத்தக்கது, வாரக்கணக்கில் நீளும் நோய்களின் போக்கைக் காட்டவல்லது. எண் 100-ஐத் தாண்டும்போது பெரும்பாலும் அதற்கு உரிய கடுமையான காரணம் ஒன்று இருக்கிறது. காசநோய், எலும்பிலோ இதய வால்விலோ பதுங்கிய தொற்று, மயலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றுநோய், இரத்தக் குழாய் அழற்சி என அக்காரணங்கள் விரிகின்றன. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி எழுந்து, உணவை மெல்லும்போது தாடை வலித்து, ஈ.எஸ்.ஆர். எண்ணும் மிக உயர்ந்திருந்தால், நெற்றிப்பொட்டுத் தமனியில் அழற்சி என்று மருத்துவர் ஐயுறுகிறார். காலந்தாழ்த்தினால் பார்வையே பறிபோகும் என்பதால், உறுதி செய்யும் சோதனைகள் முடியும் வரை காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குகிறார். அங்கே எண் தனித்து நிற்கவில்லை. வயதும் வலியும் எண்ணும் சேர்ந்தே அம்முடிவைத் தந்தன.

இனி, நேராக அளக்கும் பரிசோதனைக்கு வருவோம். அதன் வரலாறு நியூயார்க் நகரில் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் தொடங்குகிறது. அங்கே ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடத்தில் நிமோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிரை ஆராய்ந்துவந்த வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும், அந்நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்து சி என்று பெயரிட்ட ஒரு சர்க்கரைப் பொருளை நோயாளிகளின் இரத்தத் தெளிநீருடன் கலந்து பார்த்தனர். காய்ச்சல் உச்சத்தில் இருந்த நோயாளியின் தெளிநீரில் கலவை கலங்கி வண்டல் படிந்தது. நோய் தீர்ந்தபின் அதே மனிதரின் தெளிநீரில் வண்டல் படியவில்லை. நோயை எதிர்த்து உருவான எதிர்ப்புரதமாயின் நோய் தீர்ந்தபின் பெருக வேண்டுமேயன்றி மறையலாகாது. இதுவோ நோயுடன் தோன்றி நோயுடன் மறைந்தது. 1930-இல் வெளியான இக்கண்டுபிடிப்பே, சி என்னும் பொருளுடன் வினைபுரியும் புரதம் என்ற பொருளில் சி.ஆர்.பி. என்னும் பெயர் பெற்ற புரதத்தின் பிறப்பாகும். நிமோனியாவில் மட்டுமன்றி வேறு கிருமிகளால் வரும் காய்ச்சல்களிலும் அது தோன்றுவதை ஆய்வாளர்கள் கண்டபோது, அது ஒரு நோயின் அடையாளமன்று, அழற்சியின் பொது அடையாளம் என்பது தெளிவாயிற்று.

இப்புரதம் ஐந்து ஒத்த கூறுகள் வளையமாக இணைந்த வடிவம் கொண்டது. நுண்ணுயிர்களின் மேலும் மடியும் அணுக்களின் மேலும் உள்ள பாஸ்ஃபோகோலின் என்னும் பொருளைப் பற்றிக்கொண்டு, அவற்றை அகற்றும் பணிக்குத் துணைபுரிகிறது. அழற்சி தொடங்கிய ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் இதன் அளவு ஏறத் தொடங்கி, இரண்டு நாள் அளவில் உச்சத்தை எட்டுகிறது. நலமுள்ளவரிடம் ஒரு லிட்டரில் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் அளவு, கடும் தொற்றில் 300-ஐயும் கடந்து செல்கிறது. இரத்தத்தில் உள்ள இப்புரதத்தில் பாதி ஏறத்தாழ 19 மணி நேரத்தில் அகன்றுவிடுகிறது. நலத்திலும் நோயிலும் இக்கால அளவு மாறுவதில்லை. ஆகையால் அழற்சி தணிந்தால் எண்ணும் உடனுக்குடன் இறங்குகிறது. ஃபைப்ரினோஜனோ பல நாள் நிலைப்பது, எனவே ஈ.எஸ்.ஆர். ஏறுவதும் மெதுவு, இறங்குவது அதனினும் மெதுவு. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை அறியச் சி.ஆர்.பி. ஏற்றது, சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஈ.எஸ்.ஆர். பயன்படும்.

விரைந்து ஏறி விரைந்து இறங்கும் இவ்வியல்பின் பயனை அறுவை மருத்துவத்தில் தெளிவாகக் காணலாம். வயிற்றிலோ இடுப்பு மூட்டிலோ அறுவை செய்துகொண்டவருக்கு, தொற்று ஏதும் இல்லாவிடினும், திசு வெட்டப்பட்டதனாலேயே சி.ஆர்.பி. ஏறுகிறது, இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் உச்சத்தை எட்டி, பிறகு நாள்தோறும் இறங்குகிறது. இறங்க வேண்டிய நான்காம், ஐந்தாம் நாளில் அது இறங்காமல் நின்றாலோ மீண்டும் ஏறினாலோ, உள்ளே சீழ் கட்டுகிறதா, தையல் விட்டுக் கசிகிறதா என்று மருத்துவர் தேடத் தொடங்குகிறார். இரண்டாம் நாளின் 150 அச்சம் தருவதன்று. ஐந்தாம் நாளின் 150 அச்சம் தருவது. எண் ஒன்றே, நாள் வேறு, பொருளும் வேறு.

இரு பரிசோதனைகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்பதும் உண்டு. அம்மாறுபாடே சில வேளைகளில் பெரிய செய்தியாகிறது. லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் தீவிரமடையும்போது ஈ.எஸ்.ஆர். உயர்ந்தும் சி.ஆர்.பி. பெரிதும் உயராமலும் இருப்பது வழக்கம்; அந்நோயாளியிடம் சி.ஆர்.பி. மிகவும் ஏறினால், நோய்ப் பெருக்கம் மட்டும்தானா, தொற்றும் சேர்ந்துள்ளதா என்று மருத்துவர் விழிப்படைகிறார். இதற்கு நேர்மாறாக, இன்டர்லூக்கின் 6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தை முடக்குவாதத்துக்காக எடுத்துக்கொள்பவரிடம், கல்லீரலுக்குச் செல்லும் செய்தியே தடுக்கப்படுவதால், கடும் தொற்று இருந்தும் சி.ஆர்.பி. இயல்பாகவே நின்றுவிடலாம். இயல்பான எண் எப்போதும் நலத்தின் சான்றன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அடுத்து, அன்றாட வாழ்வில் பெரிதும் எழும் வினா ஒன்று உண்டு: காய்ச்சல் பாக்டீரியாவால் வந்ததா, வைரஸால் வந்ததா? வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் மருந்து பயன் தராது. பயன் தராததோடு, அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் வழிசெய்கிறது. பாக்டீரியாத் தொற்றில் சி.ஆர்.பி. பொதுவாக மிகவும் ஏறுகிறது. வைரஸ் தொற்றில் பொதுவாக அவ்வளவு ஏறுவதில்லை. இரண்டுக்கும் இடையே உறுதியான கோடு ஏதும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் கவனத்துடன் கையாண்டால் இதனால் நன்மை விளைகிறது. பிரிட்டனில் நைஸ் என்னும் மருத்துவ நெறி அமைப்பு 2014-இல், மூச்சுக்குழாய்த் தொற்றுடன் வந்து, மருத்துவர் சோதித்தும் நிமோனியாதானா என்பது தெளிவாகாதவர்களிடம், எண் 20-க்குக் கீழிருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றும், 100-க்கு மேலிருந்தால் தரலாம் என்றும், இடைப்பட்டால் நோய் முற்றினால் பயன்படுத்தும்படி சீட்டு எழுதி வைக்கலாம் என்றும் நெறி வகுத்தது. வியட்நாமின் வடபகுதியில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், விரல்நுனி இரத்தத்தில் உடனடியாகச் செய்யப்படும் சி.ஆர்.பி. சோதனை அறிமுகப்படுத்தப்பட்டபோது, மூச்சுத் தொற்றுடன் வந்தோரில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு 78-லிருந்து 64 ஆகக் குறைந்தனர். அதனால் நோயாளிகள் குணமடைவது தாமதப்படவில்லை.

இதே நோக்கில் பிறிதொரு பரிசோதனையும் வளர்ந்துள்ளது. தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் என்னும் ஹார்மோனாக மாறும் முன்வடிவப் புரதமாகிய புரோகால்சிடோனின், கடும் பாக்டீரியாத் தொற்றில் இரத்தத்தில் மிகவும் உயர்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்டனர். தொற்று உடல் முழுவதும் பரவி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் என்னும் நிலையில், ஆன்டிபயாடிக் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது உதவுகிறது. எண்ணுக்கு வேறொரு பயனும் உண்டு. கொரோனாப் பெருந்தொற்றின்போது பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் குறைந்து சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேலிருந்த நோயாளிகளைத் தேர்ந்து டோசிலிசுமாப் மருந்தைச் சோதித்தது. 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 35-லிருந்து 31 ஆகக் குறைந்ததை 2021-இல் வெளியிட்டது. அங்கே எண் நோயைக் கண்டுபிடிக்கவில்லை; எவருக்கு எந்த மருந்து பயன்படும் என்று தெரிந்தெடுக்க உதவியது.

அழற்சி, வேறு பரிசோதனைகளின் விடையையும் மாற்றிவிடக்கூடியது. உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் புரதம் அழற்சியிலும் உயர்கிறது; ஆகவே இரும்புச்சத்து வற்றிய ஒருவருக்கும், உடலில் தொற்று இருந்தால், ஃபெரிட்டின் இயல்பாகத் தோன்றிவிடும். இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2020-இல், நலமுள்ள பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்று இரும்புக் குறைவின் எல்லையை வகுத்து, தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு அதையே 70 என உயர்த்திக் கூறியது. இரத்தசோகைக்குச் சிகிச்சை பெறும் பெண்ணின் ஃபெரிட்டினைப் படிக்கும்போது அருகே சி.ஆர்.பி. எண்ணும் இருந்தால், மறைந்த குறை வெளிப்படும்.

இதயநோயிலும் அழற்சிக்குப் பங்குண்டு. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவதுடன் அங்கே மெல்லிய அழற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. வழக்கமான சோதனைக்கு எட்டாத மிகச் சிறு அளவுகளையும் காட்டும் நுண்ணளவுச் சி.ஆர்.பி. சோதனை இதற்கென உள்ளது. 2003-இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமும், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த இடர், 1 முதல் 3 வரை நடுத்தர இடர், 3-க்கு மேல் மிகுந்த இடர் என வகைப்படுத்தின. ஆனால் சி.ஆர்.பி. இதயநோயின் அடையாளமேயன்றிக் காரணமன்று என்பதைப் பிறப்பிலேயே அதன் அளவு மிகுந்தவர்களின் மரபணுக்களை ஆராய்ந்த பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. உடற்பருமன், புகைபிடித்தல், ஈறு நோய் ஆகிய மூன்றும் இவ்வெண்ணை உயர்த்துகின்றன. அவற்றைத் திருத்துவதே திருத்தம். எண்ணை மட்டும் இறக்குவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளிலும் பொடிகளிலும் பொருளை இழப்பது திருத்தமாகாது. சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் இச்சோதனையைச் செய்வதும் வீணே. ஏனெனில் அப்போது எண் சொல்வது இதயத்தைப் பற்றியன்று.

அவையோரே, இதுவரை கூறியவற்றின் சாரம் யாது? காசநோயிலும் சி.ஆர்.பி. ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும், முடக்குவாதத்திலும் ஏறும், மாரடைப்பிலும் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் சி.ஆர்.பி. 5-க்கு மேலிருந்தால் காசநோய் உள்ளதா என மேலும் சோதிக்கலாம் என்று பரிந்துரைத்தபோதும், மேலும் சோதிக்கலாம் என்றே சொன்னது. காசநோய் என்று முடிவு கட்டச் சொல்லவில்லை. முடக்குவாதத்தைக் கண்டறிய 2010-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறியில், மொத்தம் 10 மதிப்பெண்ணில் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. உயர்வுக்கு உரியது 1 மட்டுமே. நோயென்று கொள்ள 6 வேண்டும். எஞ்சியவற்றை மூட்டுகளின் எண்ணிக்கையும், நோய் நீடித்த காலமும், எதிர்ப்புரதச் சோதனைகளும் தர வேண்டும். அறிவியல் இப்பரிசோதனைகளுக்கு அளித்திருக்கும் இடம் அவ்வளவே. அது சிறிய இடமுமன்று, முழு இடமுமன்று.

ஆகவே இவ்வுரை மூன்று வேண்டுகோள்களை இவ்வரங்கின்முன் வைக்கிறது. முதலாவது, விடை தேட வேண்டிய வினா இல்லாமல் இப்பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டாம். தொல்லை எதுவும் இல்லாத நலமுள்ளவர், முழுவுடல் பரிசோதனைத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது என்பதற்காக ஈ.எஸ்.ஆர். பார்த்து, அது சற்றே உயர்ந்திருப்பதைக் கண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துச் சோதனைகளுக்கு அலைவதால் பயனில்லை. இரண்டாவது, முடிவுத்தாள்களைத் தேதி வாரியாகச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள். எண்ணுக்கு அருகிலுள்ள அலகையும் படியுங்கள், ஏனெனில் சில கூடங்கள் லிட்டருக்கு என்றும் சில கூடங்கள் டெசிலிட்டருக்கு என்றும் அச்சிடுவதால், ஒரு தாளின் 4 மறுதாளின் 40 ஆகிவிடுகிறது. மூன்றாவது, எண் இயல்பாக இருக்கிறது என்பதற்காகத் தொடரும் காய்ச்சலையும் இளைப்பையும் வீங்கிய மூட்டையும் புறக்கணிக்காதீர்கள்; எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காக மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.

நோயாளியின் கூற்றைக் கேட்டு, உடலைத் தொட்டுச் சோதித்து, பிறகு எண்ணைப் படிக்கும் மருத்துவரிடமே இப்பரிசோதனைகள் முழுப்பயன் தருகின்றன. சிகிச்சை எண்ணுக்கு அன்று, மனிதருக்கு.